பைபாஸ் ஆயில் ஃபில்டர்: அதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனியில்தான் எங்கள் பக்கத்தில் வண்டிக்கு மனம்விட்டுச் செலவு செய்வார்கள். அப்போது ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று: "அண்ணே, பைபாஸ் ஃபில்டர் மாட்டிவிட்டால் ஆயிலே மாற்ற வேண்டாமாமே?" எங்கோ வீடியோவில் பார்த்திருப்பார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் நெல்லும் வைக்கோலும் ஏற்றும் டீசல் பிக்கப் வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: எஞ்சின் ஆயிலைக் கூடுதலாக வடிக்கும் அந்தப் பொருள் நல்ல பொருள்தான். ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்காக மாட்டாதீர்கள்.

எஞ்சினோடு வரும் ஃபில்டர் வழியாக பம்ப் தள்ளும் ஆயில் அத்தனையும் போயாக வேண்டும். பேரிங்குக்கு ஒரு நொடிகூட ஆயில் தட்டுப்படக் கூடாது. அதனால் அதன் காகிதத்தை மிகவும் நெருக்கமாகச் செய்ய முடியாது. பொதுவாக 20 முதல் 40 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள துகளைப் பிடிக்கும்; அதைவிடச் சிறியவற்றில் பெரும்பகுதி தப்பிவிடும். நம் தலைமுடியின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான்தான். பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்குத் தண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆயில் படலமோ பாரம் ஏறும்போது சில மைக்ரானாக மெலிந்துவிடும். அந்தப் படலத்தின் கனத்தை ஒத்த துகள்தான் உரசித் தேய்க்கிறது. பைபாஸ் ஃபில்டர் அந்தச் சிறிய துகளைக் குறிவைக்கிறது. பம்ப் தள்ளும் ஆயிலில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ தனியாகப் பிரித்து, அடர்த்தியான காகிதத்தில் நிதானமாக வடித்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கே திருப்பி விடுகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வடிந்தால்கூட வண்டி ஓடும் நேரமெல்லாம் ஆயில் திரும்பத் திரும்பச் சுத்தமாகும். (வெளிநாட்டில் கழிப்பறைக் காகிதச் சுருளையே உள்ளே வைத்து வடிக்கும் வகை உண்டு. சிரிக்க வேண்டாம், அதுவும் வடிக்கத்தான் செய்கிறது.)

அது செய்யாத வேலையைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆயிலில் அமிலத்தை முறிக்கும் மருந்து கலந்திருக்கிறது. ஓட ஓட அது தீர்ந்துபோகும். எந்தக் காகிதமும் அதைத் திருப்பித் தராது. கரிப்புகையும் அப்படித்தான்: ஒட்டித் திரண்ட கரியைப் பிடிக்கலாம், தனித்தனியாக மிதக்கும் நுண்கரி போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஃபில்டர் மாட்டிய பிறகும் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். வெள்ளத்தில் மாட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் போய், ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் வடிகட்டிப் பிழைக்கவைக்கும் பேச்சே இல்லை. ஸ்டார்ட் செய்யாமல் முழுவதையும் இறக்க வேண்டும்.

ஆயிலில் டீசல் கலப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன்பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். இருக்கிறது. அது நிறைந்தால் கூடுதல் டீசலைச் செலுத்தி, சைலன்சர் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரிக்கும். நம் வண்டி போவது எங்கே? வயலிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. இரண்டு மூன்று கிலோமீட்டர், அதிலும் பாதி வாய்க்கால் கரையில் முதல் கியர். எரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டரின் உட்சுவரான லைனர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளக்கும் ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் 'ஆயிலே குடிக்காத வண்டி' என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். அது டீசல். ஆயிலை நீர்த்துப்போக வைத்து பேரிங்கைத் தின்னும். பைபாஸ் ஃபில்டரால் அதைப் பிரிக்க முடியாது. அவ்வப்போது தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுவதும், அளவு ஏறினால் ஆயிலை மாற்றுவதும்தான் வழி.

அடுத்தது சுணை, நெல்லிலிருந்து பறக்கும் அரிப்புத் தூசு. அறுவடைக் காலத்தில் களத்தில் நின்ற வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்தால் பதரும் சுணையும் அடையாக அப்பியிருக்கும். நெல் உமியில் சிலிக்கா மிகுதி. உமிச் சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காதான். அதோடு வண்டல் மண் புழுதியும் சேரும். ஆயிலில் மிதக்கும் தேய்க்கிற துகளில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெருக்குவானேன்? கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் பிடித்துக் காகிதத்தைக் கிழிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆயிலின் நிலையை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டிக்கிலிருந்து ஒரே ஒரு சொட்டை மையொற்றுத்தாளில் விட்டு, அடிப்பக்கம் எதிலும் படாதபடி ஒரு மூடியின் மேல் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் பாருங்கள். கறை நடுவிலிருந்து ஓரம்வரை சாம்பலாகப் பரவியிருந்தால் ஆயிலில் இன்னும் தெம்பு இருக்கிறது. பரவாமல் நடுவிலேயே கூர்மையான விளிம்போடு கட்டிக் கறுப்பாக நின்றுவிட்டால் கரியைத் தாங்கும் சக்தி போய்விட்டது. வெளியே வெளிறிய அகல வளையம் தெரிந்தால் டீசல் கலந்திருக்குமோ என்று சந்தேகியுங்கள். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது; ஆனால் 'போன தீபாவளிக்கு மாற்றினேன்' என்ற கணக்கைவிட மேல்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மாட்ட விரும்பினால், நான் பயப்படுவது ஹோஸைத்தான். வழக்கமாக ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் 'T' வடிவ இணைப்பைப் போட்டு ஆயிலை எடுப்பார்கள். அந்த வழியில் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளை கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐடிலில் பிரஷர் இறங்கி ஆயில் விளக்கு எரியும். சாதாரண டீசல் ரப்பர் குழாயையும் திருகு கிளாம்பையும் வைத்து முடித்துத் தருகிற ஆட்களிடம் வண்டியை விடாதீர்கள். பிரஷரில் உள்ள ஹோஸ் பிய்ந்தால் சம்ப் காலியாகச் சில நிமிடம் போதும். அதுவும் வைக்கோல் ஏற்றும் வண்டியில் சூடான சைலன்சர் மேல் ஆயில் பீச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெல் வண்டியில் எலித் தொல்லை வேறு. களத்தோரம் இரவு நின்ற வண்டியில் ரப்பரைக் கடித்து வைத்துவிடும். ஆகவே கம்பி வலையிட்ட ஹைட்ராலிக் ஹோஸ், முனையில் அழுத்திப் பிடித்த இணைப்பு, டர்போவிலிருந்து தள்ளி சேசிஸில் ஃபில்டர், இவை மூன்றிலும் சமரசம் வேண்டாம். மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஃபில்டர் குடித்த ஆயிலுக்கு ஈடாக ஊற்றுங்கள். முதல் வாரம் தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

யாருக்குப் பயன்? வாரண்டி ஓடும் புது வண்டிக்கு வேண்டாம்; எஞ்சினில் கை வைத்ததைக் காரணம் காட்டி நாளை உரிமையை மறுக்கலாம். ஆறேழு லிட்டர் ஆயில் பிடிக்கும் ஒற்றை வண்டியை ஊருக்குள் ஓட்டுபவர் அந்தப் பணத்தில் ஆயிலைச் சற்று முன்னதாக மாற்றினாலே போதும். திருச்சி, சென்னை என்று நாளும் நெடுந்தூரம் ஓடி, இன்னும் பல ஆண்டு அதே எஞ்சினை வைத்திருக்கப் போகிறவருக்குச் செலவு பலிக்கும். அவர் வாங்கும்போது 'மூன்று மைக்ரான்' என்ற அட்டைப்பெட்டி வாசகத்தோடு நின்றுவிடாமல், அந்த அளவில் நூற்றுக்கு எத்தனை துகளைப் பிடிக்கும் என்று கேட்கட்டும். மாற்றுக் காகிதச் சுருள் இங்கே கும்பகோணத்திலோ திருவாரூரிலோ கிடைக்குமா என்றும் கேட்கட்டும்.