'அட்டெஸ்ட்' பண்ணும் முன் பார்த்தீர்களா?

"சார், சாட்சி ரெண்டு பேரும் போட்டுட்டாங்க. அப்பாதான் இன்னும் போடலை."

உயிலை என் மேசையில் விரித்து வைத்துவிட்டு அந்தத் தம்பி சொன்னபோது, பாதி வேலையை முடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு சாட்சி மைத்துனருடைய நண்பர், இன்னொருவர் தெருமுனைக் கடைக்காரர். இருவரும் அப்பாவைப் பார்க்கவே இல்லை. பேப்பரை நீட்டினார்கள், போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சிவில் கோர்ட்டில் காலம் தள்ளும் எனக்கு இது வாரம் ஒரு முறை பார்க்கும் காட்சி. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போடுவதைக் குறிக்கும் 'அட்டெஸ்ட்' என்ற ஆங்கில வினைச்சொல் நம்மிடம் வந்து சேர்ந்த வழி அப்படி.

நம்மில் பலருக்கு அந்தச் சொல் பள்ளி முடித்த கோடையில் அறிமுகமானது. மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் மூலம் ஒரு கெசட்டட் ஆபீசரைப் பிடித்து, பச்சை மையில் கையெழுத்தும் கீழே ரப்பர் ஸ்டாம்பும் வாங்குவோம். அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று அவர் சொல்வதாகத்தான் அதற்குப் பொருள். ஆனால் அசலைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? "எத்தனை காப்பி?" என்று கேட்டுவிட்டு மளமளவென்று போட்டுத் தள்ளியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படியே அட்டெஸ்ட் என்றால் சீல் வைப்பது, சிபாரிசு செய்வது, ஓர் உபகாரம் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. பிறகு 2014 வாக்கில் மத்திய அரசு, நகலில் நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் சுய சான்றொப்பத்தை வலியுறுத்தத் தொடங்கியது. நல்ல காரியம்தான், அலைச்சல் மிச்சம். ஆனால் அந்தச் சொல்லின் வேரைத் தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி. அதற்குள் 'மூன்று', 'நில்' என்ற இரு பழைய வேர்கள் ஒளிந்திருப்பதாகச் சொல்லாய்வாளர்கள் சொல்வார்கள். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், பக்கத்தில் நிற்கும் மூன்றாம் ஆள் சாட்சி. அதிலிருந்து வந்த 'அட்டெஸ்டாரி' பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து 'அட்டெஸ்ட்' ஆனது. சுய சான்றொப்பத்தில் நமக்கு நாமே மூன்றாம் ஆள்!

இந்தக் குடும்பம் பெரியது. உயிலைக் குறிக்கும் 'டெஸ்டமென்ட்' இதே வேர். ஊரறியச் சொல்வது 'புரோட்டெஸ்ட்'. வழக்காட இரு தரப்பும் சாட்சிகளைக் கூட்டியதிலிருந்து 'கன்டெஸ்ட்'. தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபித்ததிலிருந்து, வெறுப்பைக் குறிக்கும் 'டிடெஸ்ட்'. உயிலில் ஆரம்பித்துச் சாட்சியில் தடுக்கி, அண்ணன் தம்பி வெறுப்பில் முடியும் வழக்குகளைப் பார்க்கிறவனுக்கு, இந்த நான்கு சொற்களும் ஒரே கட்டில் இருப்பது பொருத்தமாகவே படுகிறது.

நாம் சொல்லும் 'சாட்சி'யும் வடமொழியில் கண்ணைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்ததுதான். கண்ணால் கண்டவர் என்று பொருள். அதற்கும் முன்பு தமிழில் 'கரி' என்ற சொல் இருந்தது. குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வருவது அந்தக் கரிதான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 63. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதிவைப்பவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் "இது நான் போட்டதுதான்" என்று அவரே நேரில் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் சாட்சிகள் அவர் முன்னிலையில் தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டம் அதையும் கேட்கிறது. கொரோனா காலத்தில் அங்கே 'முன்னிலை' என்பதே சிக்கலாகி, வீடியோவில் பார்த்தாலும் செல்லும் என்று தற்காலிகமாக விதியைத் தளர்த்தினார்கள். அப்போதும் பார்ப்பதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. "சொத்து யாருக்குப் போகுதுன்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. தெரியாமலே போடலாம். எழுதிவைத்தவரின் கை அசைந்ததுதான் நீங்கள் சொல்ல வேண்டிய சங்கதி.

இதெல்லாம் எப்போது வெடிக்கும்? பெரியவர் போன பிறகு, கூண்டில். இதற்கான விதி 1872ஆம் ஆண்டின் சாட்சிச் சட்டத்தில் பிரிவு 68 ஆக இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் பிரிவு 67. உயிலை நிரூபிக்க, உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கோர்ட்டுக்கு அழைக்க வேண்டும். உயிலைப் பதிவு செய்திருந்தாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. "ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, இனி என்ன" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு குறுக்கு விசாரணை இன்னும் காதில் இருக்கிறது. சாட்சி நேர்மையான மனிதர், ஓய்வு பெற்ற வாத்தியார்.

"அவர் கையெழுத்துப் போட்டபோது நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுலங்க."

"அவர் வீட்டுலயா?"

"இல்லைங்க, எங்க வீட்டுல. பேப்பரை அவர் மகன் கொண்டாந்தார்."

எதிர்த்தரப்பு வக்கீல் அத்தோடு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு சாட்சி அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். உயிலில் இருந்த கையெழுத்து அந்தப் பெரியவருடையதுதான், ஊருக்கே தெரியும். இருந்தும் உயில் நிற்கவில்லை. பொய் சொல்லாத வாத்தியாரை என்னவென்று திட்டுவது?

"பத்திரம் எழுதினவரும் ரிஜிஸ்ட்ராரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அவங்க சாட்சி ஆக மாட்டாங்களா?" என்பது அடுத்த கேள்வி. சென்னையிலிருந்து போன அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு போட்டால்தான் அது சாட்சிக் கையெழுத்து. எழுதியவர் என்றோ, ஆளை அடையாளம் காட்டியவர் என்றோ, பதிவு அதிகாரி என்றோ மட்டும் போட்ட கையெழுத்து அதில் சேராது.

தானப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிகள் கட்டாயம். கிரயப் பத்திரத்துக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சாட்சி கேட்பதில்லை. நாம் போடுவது வழக்கத்தாலும் பதிவு அலுவலகத் தேவைக்காகவும்தான்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது: சாட்சி எழுதிவைப்பவரைவிட வயதில் இளையவராக இருக்கட்டும், கூப்பிட்டால் வரக்கூடிய ஊரில் இருக்கட்டும், உயிலில் அவருக்கு ஒரு செண்ட் நிலம்கூட வேண்டாம். அப்புறம், டாக்டர் ஒருவர் சாட்சியாக இருந்தால் "நினைவு தப்பியிருந்தார்" என்ற வாதத்துக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அந்தத் தம்பி மறு வாரம் புதிய தாளோடும் அப்பாவோடும் வந்தார். கடைக்காரரும் கடையை அரை மணி நேரம் அடைத்துவிட்டு வந்திருந்தார். பெரியவருக்குக் கை நடுக்கம். தன் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடம் பிடித்தது. கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் புள்ளி வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பார்த்துட்டேன் சார். இப்ப போடலாமா?"