மின்காரின் பேட்டரிக்கு ரீகால் வந்தால் உரிமையாளருக்குச் சட்டம் தருவது என்ன?

பெருங்குடியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், பக்கத்து பிளாக்கைச் சேர்ந்த ஒருவருக்கு அவருடைய மின்காரின் பேட்டரியைப் பற்றி நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ‘பாதுகாப்பு தொடர்பான பரிசோதனைக்காக வாகனத்தை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வரவும்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனம் வாகனங்களைத் திரும்ப அழைப்பதைத்தான் ரீகால் என்கிறோம். அன்று மாலையே சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, “சார், தப்பா எடுத்துக்காதீங்க, சரியாகுற வரைக்கும் கீழே சார்ஜ் போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியை ஓட்டலாமா, செலவு யாருடையது, நிறுவனம் காரையே திரும்ப எடுத்துக்கொண்டால் வங்கிக் கடன் என்னவாகும் என்ற மூன்று கேள்விகள் அந்த உரிமையாளருக்கு இருந்தன. பின் இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை உரிமையாளர்தான் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஒரு வகை வாகனத்தில் உள்ள குறைபாடு ஓட்டுபவருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருந்தால், அவ்வகை வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். குறைபாடு ஓர் உதிரிபாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட எல்லா வாகனங்களையும், அவை எந்த மாடலாக இருந்தாலும், அழைக்கச் சொல்லலாம். ஒரே ஆலையில் தயாராகும் பேட்டரி செல்கள் பல மாடல்களுக்குள் போய்ச் சேரும் இக்காலத்தில் இந்த உட்பிரிவு முக்கியமானது.

திரும்ப அழைக்கப்பட்ட வாகனத்தின் முழு விலையையும் உற்பத்தியாளர் திருப்பித் தர வேண்டும், அல்லது அதே தரத்திலோ அதைவிட மேலான தரத்திலோ வேறு வாகனம் தர வேண்டும், அல்லது பழுது நீக்கித் தர வேண்டும் என்கிறது அப்பிரிவு. இவற்றில் எதுவானாலும் செலவு உற்பத்தியாளருடையது. ஆனால் இந்த மூன்றில் எதைத் தேர்வது என்ற உரிமையை உரிமையாளருக்குச் சட்டம் வெளிப்படையாகத் தரவில்லை. நடைமுறையில் நிறுவனங்கள் தேர்வது பழுது நீக்கத்தைத்தான். ‘எனக்கு இந்த வண்டியே வேண்டாம், பணத்தைக் கொடுங்கள்’ என்று ரீகாலை மட்டும் காட்டிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை முன்பே அறிந்துகொள்வது நல்லது. பணமே திரும்ப வந்தாலும், ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கும்வரை அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டே அது வரும். வண்டி சர்வீஸ் சென்டரில் நிற்கும் நாள்களிலும் தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்பிரிவுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன; ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். உரிமையாளர்கள் அரசின் வாகன் இணையதளத்தில் குறைபாட்டைப் பதிவு செய்யலாம். ஆண்டு விற்பனையை ஒட்டி வகுக்கப்பட்ட எண்ணிக்கையைப் புகார்கள் எட்டினால், உற்பத்தியாளரிடம் அரசு விளக்கம் கேட்டு, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பைக் கொண்டு விசாரிக்கலாம். உத்தரவின் பேரில் நடக்கும் ரீகாலுக்கு அதிகபட்சம் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. குறைபாட்டைத் தாமே கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்து அழைக்கும் நிறுவனத்துக்கு அந்த அபராதம் இல்லை. ஆகவே, ‘இது நாங்களாக முன்வந்து செய்வது’ என்று கடிதத்தில் இருந்தால் அதைச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். குறைபாட்டைக் கண்டதும் தெரிவித்து நடவடிக்கை தொடங்குவது அதே பிரிவு விதிக்கும் கடமை.

பேட்டரி ரீகால் எப்படிப் போகும் என்பதற்குச் சென்னைக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள ஆலையில் ஒருங்கிணைக்கப்பட்ட ஹூண்டாய் கோனா மின்கார்களில் 456 வண்டிகளை, உயர் மின்னழுத்த பேட்டரியைப் பரிசோதிப்பதற்காக 2020ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. தென்கொரியாவில் இதே மாடலுக்கு முதலில் மென்பொருள் மட்டும் புதுப்பிக்கப்பட்டது. அப்படிப் புதுப்பிக்கப்பட்ட ஒரு கார் 2021 ஜனவரியில் டேகு நகரில் தீப்பிடித்தது. சீனாவின் நான்ஜிங் ஆலையில் தயாரான சில செல்களுக்குள் எதிர்மின்வாயின் இணைப்புத் தகடு மடிந்திருந்ததை விசாரணை காட்டியது. அடுத்து உலகெங்கும் ஏறத்தாழ 82,000 வாகனங்களை உள்ளடக்கிய ரீகால் அறிவிக்கப்பட்டு, பேட்டரியையே மாற்றும் நிலை வந்தது. செய்யப்படும் பழுது நீக்கம் மென்பொருள் மாற்றமா, குறிப்பிட்ட மாட்யூலின் (செல்களின் ஒரு தொகுப்பின்) மாற்றமா, முழு பேக்கின் (மொத்த பேட்டரியின்) மாற்றமா என்பதை உரிமையாளர் கேட்டே தீர வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். சார்ஜ் ஏறும் அளவை மென்பொருளால் குறைத்திருந்தால், வாங்கும்போது சொல்லப்பட்ட ரேஞ்சில், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தில், எவ்வளவு குறையும் என்பதும் அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

வண்டியை ஓட்டலாமா என்பதற்கு வருவோம். செல்லுக்குள் உட்குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் குறைபாடுகளில், பேட்டரி நிறைந்திருக்கும் நிலையே அதிக ஆபத்தானது. அமெரிக்காவில் செவ்ரோலே போல்ட் கார்களுக்கு 2021இல் ரீகால் வந்தபோது, 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம், மிகவும் காலியாகவும் விட வேண்டாம், சார்ஜ் முடிந்ததும் திறந்தவெளியில் நிறுத்துங்கள், இரவில் கட்டடத்துக்குள் சார்ஜ் போட்டு விட்டுவிடாதீர்கள் என்று அறிவுறுத்தப்பட்டது. எல்லா ரீகாலும் இவ்வளவு கடுமையானவை அல்ல. எனவே தம் வண்டிக்கு என்ன இடைக்கால அறிவுரை என்பதை மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்சிட்டுச் செயலாளரிடம் கொடுப்பதே முறை. சங்கத்தின் அச்சத்தைக் கேலி செய்வதற்கில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் மின் ஸ்கூட்டரை வீட்டில் சார்ஜ் செய்தபோது பற்றிய தீயில் ஒரு தந்தையும் மகளும் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் கையெழுத்திடும் முன், செய்ய வேண்டிய வேலையைக் குறித்துத் தரும் ஜாப் கார்டைப் படிக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்துக்காரரின் ஜாப் கார்டில் ‘வாடிக்கையாளர் கோரிக்கை: பொதுப் பரிசோதனை’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். ரீகால் என்ற சொல்லே அதில் இல்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ரீகாலின் குறியீட்டு எண்ணையும், சேசிஸ் எண்ணையும், வண்டியை ஒப்படைத்தபோது திரையில் தெரிந்த சார்ஜ் அளவையும் சேர்த்த பிறகே கையெழுத்திட்டார். வேலை முடிந்ததும் மாற்றப்பட்ட பேக்கின் வரிசை எண்ணையும், அதற்கான வாரண்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் எழுதி வாங்கினார். பிற்பாடு வழக்கு என்று வந்தால் இந்தத் தாள்தான் பேசும்.

அவ்வழக்குக்கு இடம் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் ஏற்பட்ட தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், சென்னையில் வசிப்பவர் சென்னையிலேயே வழக்குத் தொடரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 20 முதல் 50 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வது பல நேரங்களில் போதுமானதாக இருக்கிறது.

முழுக் காப்பீடு தீயையும் தானாகப் பற்றுவதையும் ஏற்கும், ஆனால் உற்பத்திக் குறையைச் சரிசெய்யும் செலவை ஏற்காது. வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பாலிசியில் இருப்பதால், ரீகால் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைப்பது ஆபத்து.

பழைய மின்காரை வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடிதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரிக்கும் எண்ணுக்குமே போகிறது. ஆர்.சி.யில் பெயர் மாற்றிய கையோடு நிறுவனத்தின் பதிவேட்டிலும் தம் கைப்பேசி எண்ணை மாற்றச் சொல்லி, சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் கொடுத்து, முடிக்கப்படாத ரீகால் ஏதும் அந்த வண்டிக்கு நிலுவையில் உள்ளதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.