அந்தப் பெட்டியைத் துடைக்காமல் கொண்டுவாருங்கள்

போன ஆடியில் அம்மாப்பேட்டைப் பெரியவர் ஒருவர் சுவடிக் கட்டு ஒன்றை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துவந்தார். முடிச்சை அவிழ்க்கும்போதே தேங்காய் எண்ணெய் வாசம். "நீங்க போட்டோ எடுப்பீங்கன்னு பேத்தி சொன்னா. அதான் முந்தாநாளே எண்ணெய் போட்டுத் தேய்ச்சுட்டேன் கண்ணு. பளபளன்னு விழும்ல?"

பளபளவென்றுதான் இருந்தது. ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளத்துக்குள் கரியைத் தேய்த்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். எண்ணெயில் அந்தக் கரி கலங்கி ஓலை முழுக்கப் பரவியிருந்தது. போதாக்குறைக்கு ஏழெட்டு ஓலைகள் ஒன்றோடொன்று பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. சுவடி நூலகங்களில் எண்ணெய் பூசுவது உண்டு. அது எலுமிச்சம்புல் எண்ணெய். பூச்சியை அண்டவிடாது, ஓலைக்கும் வளைவு கொடுக்கும். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து, தூசியையும் பூச்சியையும் விருந்துக்குக் கூப்பிடும்.

சேலத்தில் பழைய ஆவணங்களை மின்வடிவமாக்கும் வேலை எனக்கு. பத்திரம், நெசவுக் கணக்கு, கல்யாண போட்டோ, சுவடி என்று எல்லாம் வரும். ஸ்கேன் எடுக்கும்போது கெடுவதைவிட, எடுப்பதற்கு முந்தின வாரம் வீட்டில் பாசத்தோடு செய்த காரியங்களால் கெடுவதுதான் அதிகம். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவார்கள். சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி நிற்கும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போனால் தாளும் கூடவே வரும். அப்புறம் வெயிலில் காயவைப்பது. 1850க்குப் பிறகு பரவிய மரக்கூழ்த் தாளில் ஏற்கெனவே அமிலம் உண்டு. சேலத்துச் சித்திரை வெயில் பட்டால் அப்பளம்தான்.

ஏற்காட்டுப் பெட்டிகளின் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த மலை அது. எஸ்டேட் கணக்குகள் இன்னும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன, கூடவே பூஞ்சையும். மலைக் குளிரில் இருந்த பெட்டியை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவந்து உடனே திறந்தால், இங்குள்ள சூடான காற்று குளிர்ந்த தாளில் பட்டு ஈரம் கோக்கும். அதனால் ஒரு ராத்திரி பெட்டியை மூடியபடியே அறையில் வைத்துவிடுவேன். திறந்த பிறகும் பூஞ்சையை ஊதக் கூடாது. அது உங்கள் நுரையீரலுக்கும் பக்கத்து நோட்டுக்கும் போகும். தாள் நன்றாகக் காய்ந்த பின், மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும்.

அப்படி வந்த ஒரு செக்ரோலில், அதாவது எஸ்டேட் ஆட்களின் வருகைப் பதிவேட்டில், கூலிக் கணக்கு சாம்பல் நிறப் பென்சிலில் இருந்தது. என்னுடன் வேலை செய்யும் தம்பி விளிம்பில் இருந்த கறையைத் துடைக்க ஈரப்பஞ்சை எடுத்தான். "இருப்பா" என்று நிறுத்தி, யாருக்கும் தேவைப்படாத ஒரு கோட்டின் நுனியில் ஊசிமுனை அளவு தண்ணீர் வைத்தேன். பளிச்சென்று ஊதா. அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சிலில் சாயம் கலந்திருக்கும். ஈரம் பட்டால் பக்கமே ஊதாக் குளமாகிவிடும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த மைக்கும் ஈரம் ஆகாது. அது தாளையே அரிக்கிற மை. சுருண்டுபோன எஸ்டேட் வரைபடத்தை, மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சுக்கு மேலே வலை கட்டி, அதில் வைத்துச் சில மணிநேரத்தில் பதமாக்கலாம்தான். ஆனால் அதற்கு முன் மையைச் சோதித்தே ஆக வேண்டும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை நுழைத்து, அதன் மேல் மழுங்கிய தகட்டை ஊன்றி, துருவை அசைத்து அசைத்து விடுவிக்க வேண்டும். ஒரு ஊசிக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

நானும் யோக்கியமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், நேரம் மிச்சம் என்று ஒரு கிரயப் பத்திரத்தைத் தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் விட்டேன். எட்டாக மடித்துக் கிடந்த பத்திரம். மடிப்பில் சிக்கிக் கால்பங்கு உள்ளேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து பழைய தாள் எல்லாம் மேலிருந்து கேமராவில்தான். தைத்த நோட்டுகளைத் தட்டையாக விரிப்பதில்லை. இரண்டு பக்கமும் சாய்வாகத் தாங்கி வைத்து, முதுகு முறியாத அளவுக்கே திறப்பேன். கண்ணாடியில் ஒட்டிப்போன போட்டோவையும் பிய்க்க வேண்டாம். ஃபிரேமோடு கொண்டுவந்தால் கண்ணாடி வழியாகவே எடுத்துவிடலாம்.

சுவடிக் கயிற்றையும் வீட்டில் அவிழ்க்காதீர்கள். ஓலை எண் பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். அந்த ஓரம் உடைந்திருந்தால், சுவடிக் கட்டுக்குள் இருக்கும் வரிசையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பெரியவரின் கட்டுக்கு வருகிறேன். பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு ஓலையாக எண்ணெயை எடுக்க நான்கு நாள் பிடித்தது. பிறகு விளக்குக் கரியைத் திரும்பப் பூசியதும் எழுத்து எழுந்து வந்தது. இரண்டு ஓலைகள் மட்டும் பிரியவில்லை. வெளிப்பக்கங்களைப் படமெடுத்து, "ஒட்டியவை, பிரிக்கப்படவில்லை" என்று குறித்து, அப்படியே கட்டிக் கொடுத்தேன். "கொஞ்சம் சுடுதண்ணி காட்டினா விட்டுடுமா கண்ணு?" என்று வாசலில் நின்று கேட்டார். செருப்பைக் கழற்ற வைத்து மறுபடி உள்ளே உட்காரவைத்தேன்.