ஐரிஸில் துளை போட்டால் கண் அழுத்தம் ஏன் இறங்குகிறது?

"பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோணம் குறுகலாக இருப்பதால் ஐரிஸில் லேசர் துளை போட வேண்டும் என்கிறார் மருத்துவர். நல்ல கண்ணில் எதற்குத் துளை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஐரிஸ் என்பது கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் கண்பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்.

கண்ணுக்குள் சிலியரி உறுப்பு நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர் நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஐரிஸுக்குப் பின்னால் சுரக்கும் அந்த நீர், கண்பாவை வழியாக முன்னறைக்கு வந்து, கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்திலுள்ள சல்லடைத் திசு வழியே வெளியேறும். வரவும் செலவும் சமமாக இருந்தால் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கும்.

சிக்கல் கண்பாவையில் தொடங்குகிறது. ஐரிஸின் உள்விளிம்பு லென்ஸின்மேல் படிந்திருக்கிறது. அந்த இடுக்கில் புகுந்துதான் நீர் முன்னால் வர வேண்டும். கண் சிறியதாக இருந்தாலோ, வயதாகி லென்ஸ் தடித்தாலோ இடுக்கு இறுகும். கண்பாவை பாதி விரிந்த நிலையில் பிடி மிகக் கடுமை. மங்கிய வெளிச்சமும் சில சளி மருந்துகளும் அந்த நிலையைக் கொண்டுவரும். பின்னால் நீர் தேங்க, அங்கே அழுத்தம் முன்னறையைவிடச் சற்றே கூடுகிறது. ஐரிஸ் மெல்லிய, தொய்வான திசு. அந்தச் சிறு வேறுபாட்டுக்கே காற்று பிடித்த பாய் போல முன்னால் புடைத்து, வடிகோணத்தை மூடிவிடுகிறது. வழி அடைபட்டும் சுரப்பு நிற்பதில்லை. சில மணி நேரத்தில் அழுத்தம் 50, 60 என்று ஏறலாம். கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் எல்லாம் அப்போது வரும்.

இந்த நீரை வெளியே வடிக்கப் போட்ட வழி என்றே பலரும் துளையை நினைக்கிறார்கள். அது செய்வது ஒன்றே: ஐரிஸின் இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்குவது. தள்ளும் விசை போனதும் ஐரிஸ் தானாகப் பின்னால் படிகிறது, கோணம் திறக்கிறது, கண்ணின் சொந்த வடிகால் மீண்டும் வேலை செய்கிறது. அதனால்தான் 0.2 மி.மீ. அகலமே போதுமானதாக இருக்கிறது. ஐரிஸின் ஒரு துண்டையே வெட்டியெடுத்து கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமாவைத் தணிக்கலாம் என்று பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1857இல் அறிவித்தார். பலன் கிடைத்தது, காரணம் விளங்கவில்லை. கண்பாவை அடைப்பே காரணம், ஓரத்தில் சிறு துளை போதும் என்று எட்வர்ட் கரன் சொன்னது 1920இல்.

இன்று இதை லேசரால் செய்கிறார்கள். முதலில் பைலோகார்ப்பின் சொட்டு. கண்பாவை சுருங்க, ஐரிஸ் இழுபட்டு மெலியும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, லேசரைக் குவிக்க உதவும் ஏப்ரகாம் லென்ஸைக் கண்மேல் வைத்து, ஐரிஸின் ஓரத்தில் இயல்பாகவே மெலிந்த குழி ஒன்றைத் தேடுவார்கள். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் சில மில்லிஜூல் ஆற்றலைச் சில நானோ விநாடிக்குள் ஒரு புள்ளியில் குவிக்க, அங்கே பிளாஸ்மா உண்டாகித் திசு கிழிகிறது. தடித்த பழுப்பு ஐரிஸ் என்றால் முதலில் பச்சை லேசரால் சுட்டு மெலியவைப்பார்கள்; ரத்தக் கசிவும் குறையும். துளை முழுதாக விழுந்த கணத்தில் நிறமித் துகள்களோடு நீர் குபுக்கென்று முன்னால் பாயும். முன்னறை ஆழமாவது நுண்ணோக்கியில் அப்படியே தெரியும்.

துளை வழியே சிவப்பொளி தெரிந்தால் மட்டும் நம்பக் கூடாது. பின்பக்க நிறமி அடுக்கு போயிருந்தாலே அது தெரியும். ஐரிஸுக்குப் பின்னாலுள்ள கண்ணின் சொந்த லென்ஸின் உறை மருத்துவர் கண்ணுக்குப் பட வேண்டும். ரத்தம் கசிந்தால் ஏப்ரகாம் லென்ஸைச் சற்று அழுத்திப் பிடித்தால் நிற்கும். முதல் ஒரு மணி நேரத்தில் அழுத்தம் திடீரென ஏறக்கூடும் என்பதால் அழுத்தத்தைக் குறைக்கும் பிரிமோனிடின் சொட்டை முன்கூட்டியே விட்டு, பிறகு அளந்து பார்த்தே அனுப்புவார்கள். வீக்கத்துக்குச் சில நாள் ஸ்டீராய்டு சொட்டு. நிறமி சேர்ந்து துளை தூர்ந்தால் மறுபடி போட வேண்டும். இமை விளிம்பின் கண்ணீர்க் கோட்டில் துளை விழுந்தால் வெளிச்சக் கீற்று ஒன்று தொந்தரவு செய்யலாம். சிலருக்கு சிலியரி உறுப்பே ஐரிஸின் அடியை முன்தள்ளி நிற்கும். அவர்களுக்குத் துளை போட்டும் கோணம் திறக்காது.

துளை மட்டும் போடுவது இரிடாட்டமி. துண்டை வெட்டியெடுப்பது இரிடெக்டமி. கார்னியா கலங்கி லேசர் புகாதபோதும், கிளாக்கோமா வடிகால் அறுவையில் ஐரிஸ் புது வாயை அடைக்காமலிருக்கவும் கத்தரி இன்றும் வேண்டியிருக்கிறது. லென்ஸ் இல்லாத கண்ணில் விழித்திரைக்காக சிலிக்கான் எண்ணெய் நிரப்பினால் வெட்டு அடிப்பக்கம், ஆறு மணி திசையில். எண்ணெய் மிதக்கும், நீர் கீழே தங்கும்.

குறுகிய கோணம் உள்ள எல்லாருக்கும் துளை வேண்டுமா? சீனாவின் குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் துளையிட்டு, மறு கண்ணை விட்டுவைத்து 6 ஆண்டுகள் கவனித்தார்கள். 2019இல் வெளியான முடிவு: நோய் அடுத்த கட்டத்துக்குப் போனவை துளையிட்டதில் 19 கண்கள், இடாததில் 36. பலன் உண்மை. ஆனால் பெரும்பாலோருக்குத் துளையில்லாமலே ஒன்றும் ஆகவில்லை. இப்படிப் பொறுமையான ஆய்வுகளுக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே, கோணம் குறுகல் மட்டுமா, அழுத்தமும் ஏறியிருக்கிறதா, ஐரிஸ் எங்கேனும் ஒட்டியிருக்கிறதா என்று வாசகர் மருத்துவரிடம் கேட்கட்டும். ஒரு கண்ணில் ஏற்கெனவே அடைப்பு வந்திருந்தால் மறு கண்ணுக்குத் துளை போடத் தாமதிக்கவே கூடாது.