பிடி நழுவும் செல்கள்

நியூசிலாந்தின் தௌரங்கா நகரை ஒட்டி வாழ்ந்த ஒரு மாவோரி குடும்பத்தில், முப்பது ஆண்டுகளுக்குள் 25-க்கும் மேற்பட்டோர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தனர். நோய் கண்டவர்களில் மிக இளையவருக்கு வயது 14. பொதுவாக நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய் என்பதால், குடும்பத்தில் சிலர் இதைச் சாபம் என்றே நம்பினர். காரணத்தை அறிய அவர்களே முன்வந்து, ஒடாகோ பல்கலைக்கழக மரபியலாளர் பாரி கில்ஃபர்டின் குழுவோடு சேர்ந்தனர். விடை 1998-இல் வெளியானது: 16-ஆம் குரோமோசோமில் உள்ள சிடிஎச்1 மரபணுவில், டிஎன்ஏவின் நான்கு வேதி எழுத்துகளில் 'ஜி' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' இருந்தது. ஒற்றை எழுத்துப் பிழைதான். ஆனால் புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் எல்லையில் அது விழுந்ததால், அந்தப் பிரதியிலிருந்து சரியான புரதம் உருவாக வழியில்லாமல் போனது.

அந்தப் புரதத்தின் பெயர் ஈ-கேடெரின். இரைப்பையின் உட்பரப்பில் நெருங்கி நிற்கும் ஒவ்வொரு செல்லிலிருந்தும் வெளியே நீளும் இது, கால்சியத்தின் துணையோடு, பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் தன் இணையைப் பற்றிக்கொள்கிறது. அதன் உள்முனையோ கேட்டெனின் என்னும் புரதங்கள் வழியாகச் செல்லின் உட்சட்டகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பிழையுள்ள பிரதியோடு பிறந்தவருக்கும், மற்றொரு பெற்றோரிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்றே இந்தப் பிடிக்குப் போதும். எப்போதாவது ஏதோ ஒரு செல்லில் அதுவும் செயலிழக்கிறது. இம்முறை பெரும்பாலும் எழுத்து மாறுவதில்லை; மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அதைப் பூட்டிவிடுகின்றன. பிடி இழந்த செல் வரிசையிலிருந்து விலகி, இரைப்பைச் சுவருக்குள் இறங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே சளி நிரம்பி, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் பதித்த மோதிரம் போலவே தெரிவதால், அதற்கு முத்திரை மோதிர செல் என்று பெயர்.

புற்றுநோய் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு கட்டி. இங்கே தொடக்கத்தில் கட்டி என்று சொல்ல எதுவுமில்லை. மேற்பரப்பு சிதையாமல் இருக்க, அதன் அடியில் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத சிறு கூட்டங்களாக இச்செல்கள் பதுங்கியிருப்பதால், 28 முதல் 30 இடங்களில் திசு எடுத்தாலும் எண்டோஸ்கோப்பி அவற்றைத் தவறவிடக்கூடும். இரைப்பைச் சுவர் தடித்துத் தோல்பை போல விறைத்த பின் கண்டறிந்தால், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆகவேதான், எந்த அறிகுறியும் இல்லாதவரின் இரைப்பையை முழுவதுமாக அகற்றும் அறுவை சிகிச்சை மருத்துவரீதியில் நியாயமாகிறது. அவ்வாறு அகற்றிய இரைப்பைகளில் பெரும்பாலானவற்றில் இச்சிறு கூட்டங்கள் ஏற்கெனவே இருந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பல ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடப்பவை. பிழையைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை. எனவே எந்த வயதில் அறுவை செய்வது என்பது இன்றும் எளிதில் தீராத கேள்வி. அறுவைக்குப் பின் உணவுக்குழாய் நேரே சிறுகுடலோடு இணைக்கப்படும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். பி12 வைட்டமினை உறிஞ்ச உதவும் புரதம் இரைப்பையில் சுரப்பது என்பதால், அந்த வைட்டமினை வாழ்நாள் முழுதும், பெரும்பாலும் ஊசி வழியாக, ஏற்றிக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுவதால், தனிக் கண்காணிப்பு தேவைப்படும்.

இரைப்பைப் புற்றுநோய்களில் இந்தப் பரம்பரை வகை மிகச் சிறு பங்கே. பெரும்பாலானவை ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நீண்டகால அழற்சியில் தொடங்குபவை. எனினும், பரம்பரைத் தொடர்பே இல்லாத பரவல்வகைப் புற்றுகள் (கட்டியாகத் திரளாமல் செல்கள் இப்படிச் சிதறிப் பரவுபவை) பலவற்றிலும் இதே ஈ-கேடெரின் குலைந்திருக்கக் காண்கிறோம். பிழையைச் சுமப்பவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. குடும்பத்தில் உள்ள பிழை எதுவென்று தெரிந்திருந்தால், வராதவர்களை ஓர் இரத்தப் பரிசோதனையே அடையாளம் காட்டிவிடும். அவர்களுக்கு எண்டோஸ்கோப்பியும் வேண்டியதில்லை, அறுவையும் வேண்டியதில்லை.