பிளேடும் டேப்பும் வைத்துச் செய்த இசை

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானது. அதன் தீம் இசையைக் கேட்டவர்கள் இது என்ன கருவி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் அதை யாரும் உட்கார்ந்து வாசிக்கவே இல்லை. மின்சுற்றிலேயே இசை எழுப்பும் சிந்தசைசரும் கிடையாது. ஒலி பதிந்த டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதுதான் மொத்தமும்.

செய்தது லண்டன் மெய்டா வேல் ஸ்டுடியோவில் இருந்த ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப். வானொலி நாடகங்களுக்கு விநோத ஒலிகள் வேண்டும் என்று பிபிசி 1958-ல் தொடங்கிய பிரிவு அது. டாஃப்னி ஓரமும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் ஆரம்பித்துவைத்தார்கள். மெட்டு இசையமைப்பாளர் ரான் கிரெய்னருடையது. ஆனால் தாளில் இருந்த அந்த மெட்டை ஒலியாக்கியவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த டீலியா டெர்பிஷையர். கூட உதவிக்கு டிக் மில்ஸ்.

எப்படி என்று பார்ப்போம். ஒலியை டேப்பில் பதிந்துவிட்டால் நேரம் நீளமாக மாறிவிடுகிறது. வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை வினாடி ஸ்வரம் என்றால் ஏழரை அங்குலத் துண்டு, கால் வினாடி என்றால் அதில் பாதி. அப்புறம் தாளத்துக்கு அடிஸ்கேல் போதும், அளந்து வெட்டிக்கொண்டே போகலாம். சுருதி வேகத்தில் இருக்கிறது: டேப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும், ஸ்தாயிக்குள் இருக்கும் 12 ஸ்வரஸ்தானங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வேகத்தைச் சுமார் 6 சதவீதம் கூட்டினால் போதும். சிக்கல் என்னவென்றால் வேகம் கூடும்போது ஸ்வரத்தின் நீளமும் குறைந்துவிடும், அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வேண்டிய வேகத்தில் ஓட்டி வேறொரு டேப்பில் பதிந்து, அதற்குப் பிறகுதான் அளந்து வெட்ட முடியும். அந்தத் தீமில் குதித்துக்கொண்டே போகும், தாழ்ந்த சுருதியில் இருக்கும் பேஸ் ஒலி இப்படித்தான் வந்தது. மூலம், ஒரே ஒரு தந்தியைச் சுண்டிய சத்தம். மேலே வழுக்கிச் செல்லும் மெட்டு, ஆசிலேட்டர்கள் என்ற, மின்சாரத்தில் சுருதி எழுப்பும் கருவிகளில் பிறந்தது. அவை இசைக்காகச் செய்தவை அல்ல, ஒலிபரப்புக் கருவிகளைச் சோதிக்க வைத்திருந்தவை. டயலைக் கையால் திருப்பினால் சுருதி வழுக்கும், அவ்வளவுதான்.

வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டேப்பை நேராக வெட்டி ஒட்டினால் அந்த இடத்தில் 'டிக்' என்று கேட்கும், சாய்வாக வெட்டினால் ஒரு ஒலி தேய அடுத்தது எழும்பி, ஒட்டு காதுக்குப் பிடிபடாது.

பல தடங்களை ஒரே டேப்பில் பதியும் வசதி அங்கே அப்போது இல்லை. தனித்தனி டேப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிந்தார்கள். ஒருமுறை எங்கோ ஒரு ஸ்வரம் தள்ளி விழுந்திருக்கிறது. எந்த டேப்பில் என்று தெரியவில்லை. மெய்டா வேலின் நீண்ட தாழ்வாரத்தில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, ஒட்டுகள் வரிசையாக வருகின்றனவா என்று நடந்தே பார்த்தார்கள். காதால் பிடிக்க முடியாத பிழையைக் கண்ணால் பிடிக்கும் வேலை!

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர் டெர்பிஷையருக்கும் பங்கு கொடுக்க விரும்பினார், பிபிசி விதி இடம் தரவில்லை. தொடரின் திரையில் டெர்பிஷையர் பெயர் வந்தது 2013-ல், அவர் இறந்து 12 வருடம் கழித்து. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

டெர்பிஷையரின் இன்னொரு வேலை இதைவிட அழகு. ஒரு பச்சை நிற உலோக விளக்கு மூடியைத் தட்டிப் பதிந்து, அடி விழும் கணத்தை மட்டும் விலக்கிவிட்டு மீதி ரீங்காரத்தை எடுத்துக்கொண்டார். ஒரு ஒலி எதிலிருந்து வருகிறது என்று நம் காது பெரும்பாலும் அந்தத் தொடக்கக் கணத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. அது போனால் தகரமா மணியா என்றே சொல்ல முடியாது. பிறகு ரீங்காரத்தில் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்து, வலுவான பன்னிரண்டை பன்னிரண்டு ஆசிலேட்டர்களில் வைத்து ஒலியை மறுபடி கட்டினார்.

1969-ல் லண்டன் பட்னியில் இருந்த இஎம்எஸ் நிறுவனம் இந்த உழைப்பில் பெரும்பகுதியை விசிஎஸ்3 என்ற சிந்தசைசராக, ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் அடக்கியது. பீட்டர் ஜினோவியெஃப், டிரிஸ்ட்ரம் கேரி, மின்சுற்றுகளை வடிவமைத்த டேவிட் காக்கரெல் மூவரும் அதற்குப் பொறுப்பு. விலை 330 பவுண்ட். இங்கே டயலைத் திருப்பும் கை மின்னழுத்தமாகிவிட்டது: வோல்டேஜ் ஏறினால் ஆசிலேட்டரின் சுருதி ஏறும், அந்த வோல்டேஜையே இன்னொரு ஆசிலேட்டர் தந்தால் சுருதி தானாக ஆடும். வயர்களுக்குப் பதில் 16-க்கு 16 துளைகள் கொண்ட பலகை, எந்த வரிசையும் பத்தியும் சந்திக்கும் இடத்தில் ஒரு பின்னைச் செருகினால் இணைப்பு. ஆனால் சூடேறினால் சுருதி நழுவும், அதனால் மெட்டு வாசிக்க அவ்வளவு தோதான பெட்டி அல்ல. ஆனால் விநோத சத்தம் கிளப்புவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.