சீடு: விதையா, தரநிலையா?

ராயபுரத்தில் எங்கள் கேரம் கிளப்பில் போர்டு கிடைக்காதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் தலையை நிமிர்த்தி, "அண்ணா, டென்னிஸ்ல ஆடவர் ஒற்றையர் பிரிவில் முதல் விதை வெளியேறினார்னு போட்டிருக்கான். இன்னாண்ணா அது?" என்றான். இந்த 'முதல் விதை' என் கண்ணில் படுவது பத்தாவது தடவையாவது இருக்கும். முன்பெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். இந்தத் தடவை அதே செய்தியில் இரண்டு பத்தி தள்ளி, ஜெயித்தவரை 'விதையற்ற வீரர்' என்று எழுதியிருந்தார்கள். அதுவும் ஆடவர் பிரிவில். கிளப்பில் எழுந்த சிரிப்பை நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் 'ஒற்றையர்'. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒற்றையோடு 'அர்' விகுதி சேர்ந்த சொல், 'இரட்டையர்' என்பதற்கு நல்ல ஜோடி. விட்டுவிடுவோம்.

'சீடு' (seed) தான் பிரச்சினை, அதைத்தான் 'விதை' ஆக்கியிருக்கிறார்கள். விதை தூவுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க டென்னிஸுக்குள் நுழைந்தது. வலுவான ஆட்டக்காரர்கள் குலுக்கலில் ஒரே பக்கம் விழுந்து தொடக்கத்திலேயே ஒருவரை ஒருவர் காலி செய்துவிடாமல், அட்டவணை நெடுக அவர்களைப் பிரித்து வைப்பது. விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் 128 பேர். 2001-ல் இருந்து அதில் 32 பேருக்கு இந்தச் சலுகை. அதற்கு முன் 16 பேருக்குத்தான். முதலாமவர் அட்டவணையின் உச்சியில், இரண்டாமவர் அடியில். எல்லாரும் ஜெயித்துக்கொண்டே வந்தாலும் இந்த 32 பேரும் மூன்றாம் சுற்று வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. கிளப் போட்டிக்குக் காலி போரிக் பவுடர் டப்பாவில் பெயர்களை மடித்துப் போட்டுச் சீட்டு எடுப்போம். ஒரு வருடம், அதற்கு முந்தைய வருட ஃபைனலில் ஆடிய இரண்டு பேரும் முதல் ரவுண்டிலேயே மோதிக்கொண்டார்கள். ஆறு மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிட்டது. அதற்கப்புறம் செயலாளர் நான்கு பெயர்களைச் சார்ட்டில் எழுதிவிட்டுத்தான் டப்பாவைக் குலுக்குகிறார். சீட்டு எடுக்க வேண்டாதவன் சீடு, அவ்வளவுதான்.

கிளப்புக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் 'விதை' கட்சி. "ஆங்கிலக்காரனே விதை என்றுதானே வைத்தான், நாம் ஏன் மாற்ற வேண்டும்?" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் முதலில் வந்தது தூவுகிற வினை. தூவப்பட்ட ஆளுக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. தமிழில் 'விதை' என்று மொட்டையாக நிறுத்தினால் வினையா தெரிகிறது? வேப்பங்கொட்டைதான் தெரிகிறது.

இன்னொன்று. என் அம்மாவுக்குப் பொன்னேரி பக்கம். கையால் விதைத்தால் நெல் விழுந்த இடத்தில் விழும், ஓர் இடத்தில் அடர்ந்தும் ஓர் இடத்தில் சொட்டையாகவும் முளைக்கும். இடைவெளி பார்த்து வைப்பதற்குப் பெயர் நடவு. டென்னிஸ்காரர்கள் செய்வது நடவு வேலை. இதைச் சொன்னதும் ஐயா, "அப்போ நடவு வீரர்னு வைங்களேன்" என்றார். வைக்க மாட்டேன். உவமையைத் தூக்கி வருவதே தேவையில்லை என்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் வரிசையின் தலை என்று பொருள்படச் சொல்கிறார்கள், ஜெர்மானியர்கள் 'வைக்கப்பட்டவர்' என்கிறார்கள். அவர்கள் யாரும் விதையைப் பொறுக்கவில்லை.

அப்படியானால் 'சீடு' என்றே எழுதலாமே? பேச்சில் சொல்லிக்கொள்ளட்டும், நானும் சொல்கிறேன். எழுத்தில் பஸ் சீட், தேர்தல் சீட், குலுக்கல் சீட்டு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. போதாக்குறைக்கு ஒருவர் மரியாதை விகுதி சேர்த்து 'முதல் சீடர்' என்று எழுதினார். குரு யார் என்று தெரியவில்லை.

பத்திரிகைகளின் 'முதல்நிலை வீரர்' இன்னொரு குழப்பம். உலகத்திலா, இந்தப் போட்டியிலா? 2018 விம்பிள்டனில் உலகத் தரவரிசையில் முதலிடம் நடாலுக்கு. போட்டியின் சீடு பட்டியலில் முதலிடம் பெடரருக்கு, புல்தரை ஆட்டங்களுக்குத் தனிக் கணக்கு இருந்ததால். நம் ஊரிலேயே, நுங்கம்பாக்கத்தில் 2017-ல் நடந்த சென்னை ஓபனின் சீடு பட்டியலில் முதலிடம் சிலிச்சுக்கு. உலகத் தரவரிசையில் அவர் அப்போது 6-வது. (இரண்டாம் சுற்றிலேயே கோவாலிக்கிடம் தோற்றுப் போனார், அது வேறு கதை.) 'முதல்நிலை வீரர் தோல்வி' என்று போட்டால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

சில நாளிதழ்கள் 'போட்டித் தரவரிசை' என்கின்றன. சரியான சொல்தான். ஆனால் மூன்றாவது வரிக்குள் 'போட்டி' உதிர்ந்து வெறும் தரவரிசை மிஞ்சுகிறது, பழைய குழப்பம் திரும்பி வருகிறது. அதனால் என் கணக்கு: உலகத்துக்குத் தரவரிசை, போட்டிக்குத் தரநிலை. முதல் தரநிலை வீரர், தரநிலை பெறாத வீரர். 1985-ல் 17 வயதில் விம்பிள்டனை வென்ற பெக்கர் தரநிலை பெறாதவர். அவரை 'விதையற்றவர்' என்று எழுத எந்தக் கைக்கு மனம் வரும்?

கைக்கு வராது, மொழிபெயர்க்கிற எந்திரத்துக்கு வரும். அது கொடுத்ததை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல? 2001-ல் 125-வது இடத்தில் இருந்த இவானிசெவிச்சுக்கு வைல்ட் கார்டு, அதாவது தரவரிசை போதாதவருக்கும் போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி அனுமதி, கொடுத்தார்கள். அவர் கோப்பையோடு போனார். அவர் 'காட்டு அட்டை' வாங்கி வந்ததாக நான் படித்திருக்கிறேன். 15-0 என்பதை டென்னிஸில் 'ஃபிஃப்டீன் லவ்' என்பார்கள், அதைப் 'பதினைந்து காதல்' என்று ஸ்கோர் போட்டதையும் படித்திருக்கிறேன். எழுதியவர் ஒரே ஒரு ஆட்டத்தை டிவியில் பார்த்திருந்தால் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குச் சார்ட் எழுதும் வேலையைச் செயலாளர் அந்தப் பையனிடமே கொடுத்தார். நான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் த.நி. 1, த.நி. 2 என்று சிவப்பு ஸ்கெட்சில் எழுதியிருக்கிறான். ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயர் டப்பாவுக்குள் இருந்தது.